100 பேரில் 11 பேருக்குத் தெரிந்த சட்டம்

கொழும்பு நகரவாசிகளிடம் கருக்கலைப்புச் சட்டம் பற்றிக் கேட்டறிந்த ஓர் ஆய்வு 2016ஆம் ஆண்டு ‘சிலோன் மெடிக்கல் ஜர்னல்’ சஞ்சிகையில் வெளியானது. இந்த நாட்டில் எந்தச் சூழ்நிலையில் கருவைக் கலைக்கச் சட்டம் இடமளிக்கிறது என்று சரியாகச் சொன்னவர்கள் சுமார் 11 வீதம் பேர். வன்புணர்வால் உண்டான கருவைக் கலைக்கலாம் என்றவர்கள் 65 வீதம். நெருங்கிய உறவினரால் உண்டானது என்றால் 55 வீதம். பிறந்தாலும் பிழைக்காத அளவுக்குக் குறைபாடுள்ள கரு என்றால் 53 வீதம். கருத்தடை தவறிவிட்டது, வீட்டில் கஷ்டம் போன்ற காரணங்களுக்கு ஆதரவு 7 வீதத்தைக்கூட எட்டவில்லை.

கருக்கலைப்பைப் பற்றிய மனப்பான்மையை மாற்ற நினைக்கும் எவரும் இந்த எண்களைத்தான் முதலில் படிக்க வேண்டும். “கருக்கலைப்பு சரியா?” என்று மொட்டையாகக் கேட்டால் “பாவம்” என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். “பதின்மூன்று வயதுப் பிள்ளை, செய்தது சித்தப்பன், இப்போது பத்து வாரம்” என்று கேட்டால் அதே ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து யோசிக்கிறார். இடையில் அவருடைய சமயமும் மாறவில்லை, குணமும் மாறவில்லை. கேள்விக்கு ஆள், வயது, வாரம் என்ற மூன்றும் கிடைத்தன. பாடசாலையும் பத்திரிகையும் வானொலியும் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, கேள்வியை இப்படிக் குறிப்பாக்கிக் கொடுப்பதுதான்.

கடைசி எண்ணில்தான் சிக்கலும் இருக்கிறது. இலங்கையில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது, கருவைக் கலைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மணமான பெண்கள், ஏற்கெனவே பிள்ளை உள்ளவர்கள் என்பது. கைக்குழந்தை இருக்கும்போதே அடுத்தது தங்கிவிட்டது, இனிப் பிள்ளை வேண்டாம் என்று இருந்த நேரத்தில் தங்கியது, வருமானம் போதாது என்பவைதான் அவர்கள் சொல்லும் காரணங்கள். மக்கள் மனதில் இருக்கும் பெண் வேறு: மணமாகாதவள், கெட்டுப்போனவள், யாரிடமோ ஏமாந்தவள். இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் கிடக்கும் தூரத்தைக் குறைக்காமல் எந்தப் பிரசாரமும் பலிக்காது.

சட்டம் என்ன சொல்கிறது

தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. அதன் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்துடன் செய்தால் தவிர, கருவைக் கலைப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகு என்றால் 7 ஆண்டு வரை. தனக்குத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதே பிரிவுக்குள் வருவார். வன்புணர்வுக்கு விலக்கு இல்லை. மண்டையோடு உருவாகாத கருவுக்கும் விலக்கு இல்லை.

இது இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்ட சட்டம். பிரித்தானியா 1967இலும் இந்தியா 1971இலும் தங்கள் சட்டத்தைத் தளர்த்திவிட்டன. இந்தியா 2021இல் மீண்டும் திருத்தி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடும், சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தோடும் செய்யலாம் என்றது. இங்கே 1995இல் ஒரு முயற்சி நடந்தது. பாலியல் குற்றங்கள் தொடர்பான திருத்தங்களோடு கருக்கலைப்பைத் தளர்த்தும் பகுதியும் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிர்ப்பு எழவே அந்தப் பகுதி மட்டும் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2017இல் நீதியரசர் புவனேக அலுவிஹாரே தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, வன்புணர்வு, கடுமையான கருக் குறைபாடு ஆகியவற்றுக்கு இடமளிக்கும் பேச்சு வந்தது. அதுவும் மதத் தலைவர்களின் எதிர்ப்பில் நின்றுபோனது.

தமிழ் வாசகருக்கு இதில் தனியாக ஒரு குழப்பம் உண்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொலைபேசியில் ‘கருக்கலைப்பு’ என்று தமிழில் தேடினால் முதலில் வருவது தமிழ்நாட்டு டொக்டர்களின் யூடியூப் காணொளிகள். நல்ல தமிழ், தெளிவான விளக்கம், ஆனால் சட்டம் இந்தியாவினுடையது. “இருபது வாரம் வரை செய்யலாமாம்” என்று நம்பும் பெண், தான் கேட்டதை இங்குள்ள வைத்தியசாலையில் சொல்லும்போது அதிர்ச்சியடைகிறார். அல்லது, காணொளியில் சொன்ன கருக்கலைப்பு மருந்து இங்கேயும் பார்மஸியில் கிடைக்குமென்று நினைத்துக் கள்ளச் சந்தையில் அகப்படுகிறார். இலங்கைச் சட்டத்தை, இலங்கைத் தமிழில், இரண்டு நிமிடத்தில் சொல்லும் காணொளிகள் பல வந்தாலே இந்தக் குழப்பத்தில் பாதி தீரும். தலைப்பிலேயே ‘இலங்கையில்’ என்ற சொல் இருக்க வேண்டும். தேடுபவர் தலைப்பை மட்டும் பார்த்துத்தான் தெரிவு செய்கிறார்.

செய்தி அறையில் நடக்கும் பிழைகள்

தமிழ்ப் பத்திரிகையில் கருக்கலைப்பு எப்போது செய்தியாகிறது? ஒரு வீட்டையோ நிலையத்தையோ பொலிஸார் சுற்றிவளைக்கும்போது, அல்லது ஒரு பெண் இறக்கும்போது. ‘சட்டவிரோதக் கருக்கலைப்பு நிலையம் முற்றுகை, பெண் கைது, விளக்கமறியல்’. ஆண்டு முழுவதும் இப்படியே வாசிக்கும் ஒருவருக்குக் கருக்கலைப்பு என்பது கஞ்சா, கசிப்பு வரிசையில் ஒன்றாகப் பதிந்துவிடுகிறது. செய்தியில் பொய் இல்லை. பொலிஸ் ஊடகப் பிரிவு அனுப்பும் தாளைத் தவிர வேறு எதுவும் செய்தியாளரின் மேசைக்கு வராததுதான் கோளாறு. மகப்பேற்று நிபுணர் ஒருவரும் சட்டத்தரணி ஒருவரும் தமிழில் பேசச் சம்மதித்து, அவர்களின் இலக்கம் செய்தி ஆசிரியரிடம் இருந்தாலே அடுத்த செய்தியில் இரண்டு பந்தி மாறும்.

சொற்கள் அடுத்தது. ‘கருச்சிதைவு’ என்று தானாகக் கலைந்ததையும் எழுதுகிறோம், வேண்டுமென்று கலைத்ததையும் எழுதுகிறோம். உறுதியான கர்ப்பங்களில் ஏறத்தாழ 100க்கு 10 முதல் 20 வரை தானாகவே கலைகின்றன. ஆரம்ப வாரங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் நிறமூர்த்தக் கோளாறு. இந்த வேறுபாடு மொழியில் இல்லாததால், பிள்ளையை இழந்து அழும் பெண்ணிடமே “என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்கிறார்கள். தானாக நடந்ததற்குக் கருச்சிதைவு, வேண்டுமென்று செய்ததற்குக் கருக்கலைப்பு என்று செய்தி அறைகள் ஒரே ஒழுங்கை வைத்துக்கொள்வது பெரிய காரியமல்ல. ‘கருக்கொலை’, ‘சிசுக்கொலை’ என்று எழுதுவது பிழை. சிசுக்கொலை பிறந்த பிள்ளையைக் கொல்வது, சட்டத்தில் அது வேறு குற்றம்.

படம் இன்னொரு பிழை. கருக்கலைப்புச் செய்திக்கு ஏழு, எட்டு மாத வயிற்றின் படத்தைப் போடுகிறார்கள். உலகெங்கும் பெரும்பாலான கருக்கலைப்புகள் முதல் 12 வாரத்துக்குள் நடப்பவை. எட்டாவது வாரத்தில் கருவின் நீளம் சுமார் 1.6 செ.மீ., பன்னிரண்டாவது வாரத்தில் 5 முதல் 6 செ.மீ. அந்த வாரங்களில் வெளியே வயிறு தெரியாது. பெரிய வயிற்றைப் பார்த்துப் பழகிய கண், நடப்பதைப் பிறக்கப்போகும் குழந்தையாகவே எண்ணிக்கொள்கிறது. படம் தேவையென்றால் வைத்தியசாலை வாசல், நாட்காட்டி, நீதிமன்றக் கட்டடம் எதுவும் போதும்.

வாரக் கணக்கிலும் வழுக்கல் உண்டு. மருத்துவத்தில் வாரங்களை எண்ணுவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. ஆகவே ‘ஆறு வாரக் கரு’ என்றால் மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகிறது. உறவு நடந்து சுமார் நான்கு வாரம். இதை விளக்காமல் ‘ஆறு வாரம்’ என்று மட்டும் எழுதினால், அந்தப் பெண் ஒன்றரை மாதம் தெரிந்தே சும்மா இருந்ததாக வாசகர் நினைப்பார்.

எண்களில்தான் கவனம் அதிகம் வேண்டும். ‘நாளொன்றுக்கு 658 கருக்கலைப்புகள்’ என்பது பல ஆண்டுகளாகத் தலைப்பில் வருகிறது. சட்டவிரோதமான செயலுக்குப் பதிவேடு இல்லை. எனவே அதை எவரும் எண்ணவில்லை. பெண்களிடம் நேரில் கேட்டு, அதைப் பெருக்கிப் பெற்ற மதிப்பீடு அது. ஆய்வும் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தினுடையது. அதை ‘இன்று’ என்று அச்சிட்டால், எதிர்ப்பாளர் ஒருவர் “ஆதாரம் எங்கே?” என்று கேட்கும் நொடியில் கட்டுரை முழுவதும் சரிந்துவிடும். ‘மதிப்பீடு’ என்ற சொல்லும் ஆண்டும் எண்ணோடு ஒட்டியே போக வேண்டும்.

வன்புணர்வுச் செய்தியில் பெயரைத் தவிர்த்தால் போதுமென்று பலர் நினைக்கிறார்கள். 1995ஆம் ஆண்டுத் திருத்தம், பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரை அடையாளம் காட்டக்கூடிய எந்த விபரத்தையும் வெளியிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. தோட்டத்தின் பெயர், பாடசாலையின் பெயர், ‘மூன்று பிள்ளைகளில் மூத்தவள்’, ‘தாய் குவைத்தில்’ என்று நான்கு விபரத்தை ஒரே செய்தியில் போட்டால் அந்த ஊரில் பெயர் தேவையே இல்லை. கர்ப்பமானாள் என்ற விபரமும் சேர்ந்துவிட்டால் அந்தப் பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போவது கடினம்.

வகுப்பறை

சுகாதாரமும் உடற்கல்வியும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை கட்டாயப் பாடம். சாதாரண தரத்தில் தெரிவுப் பாடம். பாலியல் அறிவு மிகவும் தேவைப்படும் 15, 16 வயதில் பல பிள்ளைகள் அதை விட்டு விலகிவிடுகிறார்கள். பூப்பும் இனப்பெருக்கமும் வரும் பக்கங்களை “வீட்டில் வாசியுங்கோ” என்று தாண்டிப் போகும் ஆசிரியர்கள் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் குறைவல்ல. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்தப் பக்கங்களை உரக்கச் சொல்ல அவர்களுக்கும் எவரும் பழக்கவில்லை. ஏழாம் வகுப்புக்கென ஆக்கப்பட்ட துணைநூல் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் எதிர்ப்புக்குள்ளானதைக் கண்ட பிறகு பயமும் சேர்ந்துகொண்டது.

பயத்தைக் கடக்க நன்றாக வேலைசெய்யும் முறை கேள்விப் பெட்டி. செலவு ஒரு சப்பாத்துப் பெட்டி. ஆனால் சரியாகச் செய்யாவிட்டால் அதுவும் கெட்டுப்போகும். எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே நிறப் பென்சில். கேள்வி இல்லாதவரும் ‘கேள்வி இல்லை’ என்று எழுதிப் போட வேண்டும். யார் எழுதுகிறார், யார் சும்மா இருக்கிறார் என்று பக்கத்து வாங்கு பார்க்கக்கூடாது. ஆசிரியர் அன்றே பெட்டியைத் திறந்து பதில் சொல்ல முனைவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, தெரியாததை மருத்துவிச்சியிடம் கேட்டு, அடுத்த பாடவேளையில் சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு தாளில் ‘மாமா தொடுகிறார்’ என்று இருந்தால் அதை வகுப்பில் வாசிக்கக்கூடாது. சிறுவர் உதவி இலக்கம் 1929ஐப் பொதுவாக எல்லோருக்கும் கரும்பலகையில் எழுதிவிட்டு, பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரோடு தனியாகக் கையாள வேண்டும்.

பாடத்தின் வரிசையும் முக்கியம். கருக்கலைப்பிலிருந்து தொடங்கினால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும், எவரும் எதையும் கற்கமாட்டார். மாதவிடாய்ச் சுற்று, முட்டை வெளிப்படும் நாட்கள், கர்ப்பம் உண்டாகும் விதம், சம்மதம், 16 வயது என்ற சட்ட எல்லை, கருத்தடை முறைகள், கடைசியில் கருக்கலைப்பும் அதன் சட்டமும் என்று போனால், கடைசிப் பாடம் வரும்போது பேசத் தேவையான சொற்கள் பிள்ளைகளிடம் இருக்கும். முதல் பாடம் பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் தனித்தனியாக, மற்றவை சேர்த்து. ஆண்பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுவிட்டுப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லித்தருவது, பொறுப்பு முழுவதும் அவள் தலையில் என்பதைச் சொல்லாமலே சொல்லித்தருவதாகும்.

அன்னாசியும் குளிசையும்

பெரியவர்களிடம் போக வேண்டிய பாடம் வேறு. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி மணமான பெண்களில் சுமார் 65 வீதம் பேர் ஏதாவதொரு குடும்பத் திட்ட முறையைப் பின்பற்றினர். நவீன முறை என்று பார்த்தால் சுமார் 54 வீதம். இடையில் நிற்கும் 11 வீதம் பேர் நாட்கணக்கையும் விலகலையும் (விந்து வெளிப்படுமுன் ஆண் விலகிக்கொள்வது) நம்பியிருப்பவர்கள். வழக்கமான பாவனையில் விலகல் முறையை நம்பும் 100 பேரில் ஓர் ஆண்டில் சுமார் 20 பேர் கர்ப்பமாவார்கள். ஆணுறைக்கு 13, குளிசைக்கு 7, மூன்று மாத ஊசிக்கு 4. கருப்பைக்குள் லூப் போட்டவர்களில் ஒருவருக்கும் குறைவு. கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சிக்கு ஆயிரத்தில் ஒருவர். மேலே சொன்ன ஆய்வில் 7 வீதத்துக்கும் குறைவானவர்கள் ஏற்றுக்கொண்ட ‘கருத்தடை தவறியது’ என்ற காரணம், இந்த எண்களின் மறுபக்கம்தான்.

அவசர கருத்தடைக் குளிசை பார்மஸிகளில் டொக்டரின் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. லெவோனோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே குளிசை, 72 மணித்தியாலத்துக்குள். எவ்வளவு முந்தி எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. அது முட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகிறது. தங்கிவிட்ட கருவை அது கலைக்காது. இதைக் ‘கலைக்கிற குளிசை’ என்று நினைத்து வாங்க வெட்கப்படுபவர்களும், மாதவிடாய் தள்ளிப்போன பிறகு வாங்கி விழுங்கி நம்பியிருப்பவர்களும் ஒரே பிழையின் இரண்டு பக்கத்தில் நிற்கிறார்கள்.

அன்னாசி, பப்பாசி, எள்ளு மூன்றும் இன்னும் சமையலறையில் மருந்தாக இருக்கின்றன. சாப்பிடும் அளவு பழத்தால் கரு கலைவதில்லை. ஆனால் “பாப்பம், இன்னும் ரெண்டு நாள்” என்று இரண்டு, மூன்று வாரம் போய்விடும். அதன் பிறகு யாரோ சொன்ன இடம், யாரோ கொண்டுவந்த குளிசை.

ஆபத்து எப்படி மரணமாகிறது என்பதை ஊடகங்கள் விளக்குவதே இல்லை. கருப்பையில் மிச்சம் தங்கிவிட்டாலோ சுத்தமில்லாத பொருள் உள்ளே போயிருந்தாலோ கிருமித்தொற்று தொடங்கும். சில நாளில் குளிர்காய்ச்சல். வீட்டில் சொல்ல முடியாது, பனடோல் போடுவாள். பார்மஸியில் அன்டிபயோடிக் நாலு குளிசை வாங்குவாள். காய்ச்சல் நிற்காமல் வைத்தியசாலைக்குப் போனால், கொழும்பில் காய்ச்சலென்றதும் எவருக்கும் முதலில் வருவது டெங்கு. அவள் வாய் திறக்காதவரை சந்தேகமும் அங்கேயே நிற்கும். இரத்தப் பரிசோதனை, சேலைன், காத்திருப்பு. தொற்று இரத்தத்தில் கலந்து அழுத்தம் இறங்கும்போது மணித்தியாலங்கள் கணக்கில் வருகின்றன. இலங்கையின் தாய்மரண வீதம் தெற்காசியாவில் மிகக் குறைந்தவற்றில் ஒன்று. ஒவ்வொரு தாய்மரணமும் ஆராயப்படுகிறது. அப்படியிருந்தும் பாதுகாப்பற்ற கருக்கலைப்பு அந்த மரணங்களின் முக்கிய காரணங்களில் ஒன்றாகத் தொடர்கிறது. மருத்துவம் இருக்கிறது, கட்டணமும் இல்லை. அவளைக் கொல்வது அந்த நாலைந்து நாள் மௌனம்.

கலைந்த பின் வரும் சிக்கலுக்குச் சிகிச்சை கொடுப்பது குற்றமல்ல. சுகாதார அமைச்சு அதற்கென வழிகாட்டலும் வைத்திருக்கிறது. இந்த ஒரு வசனத்தை வானொலியில் மாதத்துக்கு நான்கு தரம் சொன்னால்கூடச் சில உயிர்கள் தப்பும். எந்தக் கட்சி, எந்தச் சபை இதை எதிர்க்கும்?

வார்டுக்குள் இருக்கும் மனப்பான்மை

பொதுமக்களின் மனதைப் பற்றிப் பேசும்போது வெள்ளை உடுப்புக்குள் இருப்பதும் அதே பொதுமக்கள்தான் என்பது மறந்துபோகிறது. வலியில் வந்தவளிடம் முதலில் “கலியாணம் முடிச்சதா?” என்று கேட்பது, வார்டு முழுவதும் கேட்கும்படி “இவ கலைச்சிட்டு வந்திருக்கா” என்பது, வலிமருந்தைத் தாமதிப்பது. தமிழ் மட்டும் தெரிந்த பெண்ணுக்கு இன்னொரு கஷ்டம்: மொழிபெயர்க்க அழைக்கப்படுபவர் சுத்திகரிப்புப் பணியாளராகவோ கூட வந்த மாமியாராகவோ இருப்பார். மாமியார் முன்னிலையில் எவள் உண்மையைச் சொல்வாள்? தனியாக விசாரித்து, தமிழ் தெரிந்த தாதியின் மூலம் கேட்டு, பதிலை டிக்கட்டில் (நோயாளியின் வார்டுக் குறிப்பேட்டில்) எழுத வேண்டும். டிக்கட்டை உறவினர் வாசிக்க விடக்கூடாது.

உத்தியோகத்தர்களுக்கென உலகின் பல நாடுகளில் நடக்கும் ஒரு பயிற்சி இருக்கிறது. இருபது, இருபத்தைந்து பேர். ஒன்றரை மணித்தியாலம் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: ‘வன்புணர்வுக்கு உள்ளானவர் கருவைக் கலைக்கலாம்’, ‘கணவனின் சம்மதம் வேண்டும்’, ‘இரண்டாம் தரமும் வருபவளை எச்சரிக்க வேண்டும்’ போன்ற வசனங்கள், எதிரே ‘முழுச் சம்மதம்’ முதல் ‘முழு மறுப்பு’ வரை நான்கு கட்டம். பெயர் எழுதாமல் குறிக்க வேண்டும். பிறகு தாள்களைக் கசக்கி நடுவில் எறிந்து, கலந்து, கையில் கிடைத்ததை எடுக்க வேண்டும். அறையின் நான்கு மூலைகளும் நான்கு பதில்கள். உங்கள் கையிலிருக்கும் தாள் சொல்லும் மூலைக்குப் போய் நின்று, உங்களுடையதல்லாத அந்தக் கருத்துக்கு மிக வலுவான நியாயத்தைச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் சேவை செய்த மருத்துவிச்சி ஒருவர், தான் ஒருபோதும் ஏற்காத நிலைப்பாட்டுக்காகப் பேசத் தொடங்கும்போது, தனக்குத் தெரிந்த பெண்களைத்தான் உதாரணமாக எடுப்பார். வேறு எங்கே போவார்? முகம் தெரிந்த ஒருத்தியை நினைத்துப் பேசியவருக்கு அடுத்த நாள் வார்டில் பழைய கேள்வியைக் கேட்பது எளிதல்ல.

இந்தப் பயிற்சி கெடும் இடம் ஒன்றுதான். நடத்துபவர் இறுதியில் “ஆகவே சரியான பதில் இது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டால் வந்தவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்கள். முடிவில் கேட்க வேண்டியது, “உங்கள் நம்பிக்கை உங்களோடு இருக்கட்டும், கட்டிலில் கிடப்பவளுக்கு நீங்கள் செய்யவேண்டிய கடமை என்ன?” என்பது மட்டும்.

தொடர்நாடகம்

மாலை ஆறு முதல் இரவு பத்து வரை கொழும்புத் தமிழ் வீடுகளில் ஓடும் இந்தியத் தொடர்களில் கருக்கலைப்பு என்றால் பாலில் மருந்து கலக்கும் வில்லி, படிக்கட்டில் உருட்டிவிடும் நாத்தனார், மயங்கி விழுந்தவளின் நாடி பிடித்துவிட்டு நற்செய்தி சொல்லும் டொக்டர். மூன்று பிள்ளைகளோடு, கணவனுக்கு வேலையில்லாமல், மாதவிடாய் தள்ளிப்போன ஒருத்தி அந்தக் கதைகளில் வருவதே இல்லை.

வானொலி நாடகம் மூலம் மனமாற்றம் செய்தவர்கள் கண்ட முறை எளிமையானது. ஒரு விடயத்தில் உறுதியாக ஒரு பக்கம் நிற்பவர், மறுபக்கம் நிற்பவர், இருவருக்கும் நடுவில் தடுமாறுபவர் என்று மூன்று பாத்திரம். நேயர் தன்னைச் சேர்த்துக்கொள்வது தடுமாறுபவரோடு. அவர் மெல்ல, பின்வாங்கிப் பின்வாங்கி மாற வேண்டும். ஒரே அத்தியாயத்தில் டொக்டரின் அறிவுரை கேட்டுத் திருந்தினால் எவரும் நம்பமாட்டார். கால் மணித்தியால நாடகம், வாரத்துக்கு இரண்டு, குறைந்தது ஓர் ஆண்டு. அதன் பின் நேயர் அழைப்பு. அதில் குரலை மாற்றி ஒலிபரப்பும் வசதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆண்கள் மட்டுமே அழைப்பார்கள்.

இதெல்லாம் இங்கே நடக்காத காரியமென்று சொல்வதற்கில்லை. குடும்பத் திட்டமும் ஒரு காலத்தில் வாயால் சொல்லக் கூசிய பேச்சு. 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் தொடங்கியபோது அதன் முன்னோடிகளில் ஒருவர் டொக்டர் சிவா சின்னத்தம்பி, ஒரு தமிழ்ப் பெண் மகப்பேற்று நிபுணர். 1970களில் ‘பிரீத்தி’ ஆணுறைக்குப் பத்திரிகையில் விளம்பரம் வந்து, சில்லறைக் கடைத் தட்டில் அது ஏறிவிட்டது.

தமிழர், முஸ்லிம்கள் மத்தியில் இதைப் பேசப்போகிறவர் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2013இல் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஊர்களில் பெண்களுக்கு முறையான விளக்கமின்றிக் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாக முறைப்பாடு எழுந்தது. 2019 மே மாதம், முஸ்லிம் டொக்டர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்குக் கள்ளமாகக் கருத்தடை செய்தாரென்று ஆதாரமற்ற செய்தி முதற்பக்கத்தில் வந்து, அவரைச் சிறைவரை கொண்டுபோனது. கர்ப்பம் இந்த நாட்டில் இனக்கணக்கோடு பின்னிக்கிடக்கிறது. “எங்கட சனத்தைக் குறைக்கப் பாக்கிறாங்கள்” என்று ஒரு முதியவர் எழுந்து சொன்னால், அதை அறியாமை என்று தள்ளிவிட்டுப் பேச்சைத் தொடர முடியாது. பிள்ளை பெறுவதற்கும் பெறாமல் விடுவதற்கும் அந்தப் பெண்ணின் சம்மதமே வேண்டும் என்ற இடத்திலிருந்து தொடங்கினால் அவரும் கேட்பார்.

சட்டம் மாறினால் மனமும் தானே மாறும் என்பதும் சரியல்ல. நேபாளம் 2002இல் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியது. 2016இல் அங்கு எடுத்த அளவீட்டில் அது சட்டபூர்வமென்று அறிந்திருந்த பெண்கள் 41 வீதம்தான். தாளில் எழுதியது மலையேறிப் போய்ச் சேரப் பதினான்கு ஆண்டுகள் போதவில்லை. இங்கே சட்டம் எப்போது மாறும் என்று காத்திராமல் இன்றைக்கே ஒட்டக்கூடிய தாள் ஒன்று இருக்கிறது.

அது அஞ்சலட்டை அளவு. கிளினிக் சுவரில் ஒட்டினால் நின்று வாசிக்க எவளும் துணியமாட்டாள். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கத்தில் ஒட்ட வேண்டும். அங்கே அவள் தனியே இருப்பாள். தலைப்பில் கருக்கலைப்பு என்ற சொல் வேண்டாம். ‘கர்ப்பம் கலைந்த பின்’ என்றால் போதும், தானாகக் கலைந்தவளும் வாசிப்பாள். கீழே: மணித்தியாலத்துக்கு இரண்டு பெரிய பேட் வீதம் இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து நனைந்தால், 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் விடாமல் இருந்தால், நாற்றமான கழிவு வந்தால், வயிற்றுவலி குளிசைக்கும் அடங்காவிட்டால், மயக்கம் வந்தால் உடனே அரச வைத்தியசாலைக்கு வாருங்கள். சிகிச்சை இலவசம். என்ன நடந்ததென்று டொக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், அது உங்கள் உயிரைக் காக்கும். அம்புலன்ஸ் 1990. பெண்கள் உதவி 1938. வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் வைத்தியசாலையில் ‘நட்பு நிலையம்’ எங்கே என்று கேளுங்கள். எழுத்து 16 புள்ளிக்குக் குறையாமல், தமிழ் மேலே, சிங்களம் கீழே, ஈரத்தில் கரையாமல் லெமினேட் செய்து.